விடியற்காலையில் தீர்மானிக்கப்படும் இராச்சோறு

யாங்கோனில் தாம்வே பகுதியில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டில் மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என ஆறு பேர். அரிசியும் எண்ணெயும் இந்த விலை விற்கும்போதும் தினமும் ஒரு கிண்ணம் சோறாவது கீழே போகிறது. வாரக் கடைசியில் குளிர்பெட்டியைத் துடைத்தால் அழுகிய கீரையும் புளித்த குழம்பும் தனியாக வருகின்றன. நாங்கள் ஊதாரிகள் அல்லர். பிறகு ஏன் இப்படி ஆகிறது, ஐயா? குறைத்துச் சமைக்கலாம் என்றால் மாமியார் ஒப்புக்கொள்வதில்லை.”

ஊதாரிகள் அல்லர் என்று நீங்கள் எழுதியதை நான் அப்படியே நம்புகிறேன். பயின்னவுங் மண்டியில் பருப்புக் கணக்கு எழுதிவிட்டு, அதன்பின் ஒரு கோவிலின் அன்னதான உக்கிராண அறையைப் பத்தொன்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் நான். எத்தனை மூட்டை உள்ளே வந்தது, எத்தனை சட்டி மிச்சமாகித் திரும்பியது என்பதை எழுதிவைப்பதே என் வேலை. அந்தக் கணக்கிலிருந்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். உணவைப் பற்றி ஒரு முடிவு எடுக்கப்படும் நேரத்துக்கும் அது வாய்க்குப் போகும் நேரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அவ்வளவுக்கு உணவு வீணாகிறது. அலட்சியக்காரர் வீட்டில் மிகுதியாகவும் பொறுப்பானவர் வீட்டில் குறைவாகவும் வீணாகும் என்று நினைப்பது பெரும்பாலும் தவறு. பொறுப்பானவர்கள்தாம் முன்கூட்டியே யோசிக்கிறார்கள். முன்கூட்டியே யோசிப்பவர்கள்தாம் தவறாக ஊகிக்கிறார்கள்.

இது உங்கள் வீட்டுக்கு மட்டுமே வந்த குறையன்று. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் வீடுகள், உணவகங்கள், கடைகள் ஆகிய மூன்றிலும் சேர்ந்து 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளில் வீணானது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 79 கிலோ என்பது வீட்டுக் கணக்கு. நம் சந்தை நிறுவையில் சொன்னால் ஏறத்தாழ 48 வீசை. (நம் முன்னோர் கொண்டுவந்த வீசை என்ற சொல்லைப் பிற்பாடு ஆங்கிலேயர் ‘விஸ்’ என்று எழுதினார்கள், தமிழ்நாட்டில் கிலோ வந்து வீசையை விழுங்கிவிட்டது, இங்கே மீன்காரி இன்னும் வீசையில்தான் நிறுக்கிறாள்.) இந்த 79 கிலோவில் தோல், எலும்பு, கொட்டை போன்ற உண்ணாத பகுதிகளும் அடங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த அறிக்கையில் என் கவனத்தை ஈர்த்தவை வேறு இரண்டு செய்திகள். செல்வ நாடுகளுக்கும் நடுத்தர வருவாய் நாடுகளுக்கும் இடையே, வீட்டில் ஆளுக்கு வீணாகும் அளவில் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு வெறும் ஏழு கிலோதான். பணம் இருப்பவன் வீணாக்குகிறான், இல்லாதவன் வீணாக்க மாட்டான் என்று நாம் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்கு அங்கே ஆதாரம் இல்லை. இரண்டாவது, வெப்பம் மிகுந்த நாடுகளில் வீட்டு வீணாக்கம் கூடுதலாகத் தெரிகிறது. பச்சையாக வாங்கும் காய்கனிகள் மிகுதி, அவற்றைக் குளிரில் வைத்துக் கொண்டுவரும் வசதி குறைவு என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். சித்திரை வெயிலில் 40 பாகையைத் தொடும் நம் ஊருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இப்போது உங்கள் ஒரு கிண்ணம் சோற்றுக்கு வருகிறேன். இங்கே பெரும்பாலான வீடுகளில் அரிசி அளப்பது பழைய பால் டப்பாவால். எட்டு டப்பா ஒரு பியி. இருபத்துநான்கு பியி ஒரு மூட்டை. ஆக ஒரு மூட்டையில் 192 டப்பா. நீங்கள் சொல்லும் கிண்ணம் ஏறக்குறைய அரை டப்பா அரிசியின் சோறாக இருக்கும். நாளுக்கு அரை டப்பா என்றால் ஆண்டுக்கு 182 டப்பாவுக்கு மேல். ஆண்டுக்கு ஒரு மூட்டை அரிசியை, பத்து டப்பா மட்டும் குறைய, நீங்கள் முழுதாகக் கீழே கொட்டுகிறீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதால்தான் அது ஆண்டு முழுவதும் நீடிக்கிறது. ஒரே நாளில் ஒரு மூட்டை அரிசியைச் சாக்கடையில் கொட்டும் மனிதர் எவரும் இல்லை.

அந்த அரை டப்பா எப்போது மிகுதியாயிற்று? இரவு பத்து மணிக்குப் பானையைக் கழுவும்போது அன்று; விடியற்காலையில் அரிசி அளந்தபோது. 2022 முதல் யாங்கோனில் மின்சாரம் முறைவைத்து வருகிறது, முறைவைத்துப் போகிறது. மின் அடுப்பில் சோறு வைக்கும் வீடுகள் என்ன செய்கின்றன? ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தால் ஒரு கை மோட்டாரைப் போடுகிறது, மறுகை அரிசியைக் களைகிறது. மாலையில் மின்சாரம் எப்போது வருமோ என்ற ஐயத்தில், காலைச் சோறு, பகற்சோறு, இராச்சோறு மூன்றும் ஒரே தடவையில் வெந்துவிடுகின்றன. இரவு எட்டு மணிக்கு யார் வீட்டில் இருப்பார்கள், யாருக்குப் பசிக்கும், சின்னவன் வகுப்பு முடிந்து வரும் வழியில் காவ்சுவே நூடுல்ஸ் தின்றுவிட்டு வருவானா என்பதையெல்லாம் தூக்கம் கலையாத கண்ணோடு பதினைந்து மணி நேரத்துக்கு முன்பே ஊகிக்க வேண்டியிருக்கிறது. எந்தச் சோதிடராலும் ஆகாத காரியம் அது. ஊகம் தவறுவது உறுதி என்றால், குறைவதைவிட மிகுவதே மேல் என்று எந்தத் தாயும் முடிவு செய்வாள்.

அன்னதானக் கூடத்திலும் இதே சிக்கல் இருந்தது. ஒரு பங்குனித் திருநாளில் நானூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்து, நானூறு பேருக்கும் ஒரே ஈட்டில் வடித்துக் கொட்டினோம். காலையில் பேருந்து கிடைக்காமல் வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் பாயில் குவிந்திருந்த சோற்றின் மேற்புறம் காய்ந்தும் உட்புறம் கொதிப்பு அடங்காமலும் இருந்தது. கையை உள்ளே விட்டபோது சுட்டதும், மறுநாள் காலையில் அதே குவியலின் நடுவிலிருந்து நூல் பிடித்தாற்போல இழுபட்ட வாடையான பருக்கைகளும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. அதற்குப் பிறகு எங்கள் தலைமைச் சமையல்காரர் ஓர் ஒழுங்கு வைத்தார். எதிர்பார்க்கும் ஆட்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் முதலில் வடிப்பது. இரண்டாம் உலையில் தண்ணீர் கொதிக்கும், அரிசி களைந்து கூடையில் வடிந்துகொண்டிருக்கும், ஆனால் பந்தியின் வால் எங்கே முடிகிறது என்று ஒரு பையன் போய்ப் பார்த்துவந்து சொல்லும்வரை அரிசியை உலையில் போடக்கூடாது. வாசலில் வரிசை தெரிந்தால் போடு, தெரியாவிட்டால் அரிசியைப் பரப்பி உலர்த்து. களைந்த அரிசியைக் காப்பாற்றலாம், வெந்த சோற்றை இந்த வெக்கையில் காப்பாற்ற முடியாது. முடிவை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுவது என்பதைத் தவிர அதில் வேறு சூட்சுமம் இல்லை.

வீட்டில் இதைச் செய்ய ஒரு சின்னக் கரி அடுப்போ எரிவாயு அடுப்போ போதும். காலையில் மின்சாரத்தில் நான்கு டப்பா. மாலையில் ஆட்களை எண்ணிப் பார்த்துத் தேவையானால் இன்னொரு டப்பாவைக் கரியில் இருபது நிமிடத்தில் வடிப்பது. கரிச்செலவு கூடும் என்று சொல்வீர்கள். அரிசி விலையோடு ஒப்பிட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். பல மாதங்களில் அரிசிதான் கனக்கும்.

மாமியாரின் தயக்கத்தை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். ‘யாராவது வந்துவிட்டால்?’ என்ற கேள்வி தமிழ்க் குடும்பத்தின் சமையற்கட்டில் ஒரு நிரந்தர உறுப்பினர். அவருக்கும் சேர்த்துத்தான் தினமும் சோறு வடிக்கப்படுகிறது. பர்மியரும் வழியில் கண்டவரைச் சோறு தின்றாயிற்றா என்றுதான் நலம் விசாரிக்கிறார்கள். இரண்டு மரபும் ஒன்றுசேர்ந்த வீட்டில் பானையின் அடி தெரிவது அவமானம். அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூடாது, ‘நிறைந்துவிட்டது’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று என் பாட்டி எங்களைத் திருத்துவார். இல்லை என்ற சொல்லையே வாயில் வரவிடாத வீட்டில், இல்லாமற்போகும் அளவுக்குக் குறைத்துச் சமைக்கச் சொன்னால் எப்படி ஒப்புவார்கள்?

அதற்கும் மேலே ஓர் அச்சம் இருக்கிறது. அது வெறும் வழக்கமன்று, அனுபவம். உலகப் போருக்கு முன்பு ஆண்டுக்கு 30 இலட்சம் டன் அளவுக்கு அரிசியை ஏற்றுமதி செய்து, உலகிலேயே முதலிடத்தில் நின்ற நாடு இது. அதே நாட்டில் 1967இல் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, மாற்றிக்கொள்ளவும் வழியில்லாமல் சேமிப்பெல்லாம் ஒரே நாளில் காகிதமாயிற்று. பணத்தை நம்ப முடியாது, மூட்டையை நம்பலாம் என்ற பாடத்தை அந்த நாள் எழுதிவிட்டுப் போனது. பிறகு 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதியின் கழிமுகத்தை அழித்தபோது நெல் விளையும் பூமியே உப்புநீரில் கிடந்தது. இவற்றில் இரண்டையாவது கண்ணால் கண்டவர் உங்கள் மாமியார். அவர் ஒரு பிடி கூடுதலாக அள்ளிப்போடும்போது, அந்தக் கையை அள்ளவைப்பது இந்த நினைவுதான். அதை வாதாடி வெல்ல முடியாது. ஆனால் அச்சத்தைப் பானையிலிருந்து மூட்டைக்கு மாற்றிவிட முடியும். உலர்ந்த அரிசி கண்ணெதிரே நிறைந்திருந்தால், சமைத்த சோறு குறைவது அவ்வளவாக உறுத்தாது. அரிசிச் சாடியை அடுக்களையின் மூலையிலிருந்து அவர் கண்ணில் படும் இடத்துக்கு நகர்த்தி, அரைக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தில் இந்தச் சண்டை பாதியாகக் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மிஞ்சிய உணவுக்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். நல்ல உணவை எவரும் கொட்டுவதில்லை. மிஞ்சியதைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி, மூடி, ‘நாளைக்கு ஆகும்’ என்று சொல்லிக் குளிர்பெட்டியில் வைக்கிறோம். அந்த நொடியில் மனச்சுமை இறங்கிவிடுகிறது. வைத்தாயிற்று, இனி வீணில்லை. மறுநாள் புதிதாகச் சமைக்கிறோம். அதற்கும் மறுநாள் பாத்திரம் பின்னுக்குப் போகிறது. நான்காம் நாள் திறந்தால் வாடை அடிக்கிறது. இப்போது கொட்டுவதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது, ஏனென்றால் கெட்டுப்போனதைக் கொட்டுவது பாவம் ஆகாது. உணவைக் கொட்ட மனம் வராததால், அது உணவு என்ற பெயரை இழக்கும்வரை காத்திருந்து கொட்டுகிறோம். குளிர்பெட்டி அந்தக் காத்திருப்புக்கு இடம் கொடுக்கும் பண்டமாக ஆகிவிட்டது.

அதிலும் நம் ஊர்க் குளிர்பெட்டி பாதி நாள் வெறும் அலமாரி. கதவைத் திறக்காமல் இருந்தால், மின்சாரம் போன பிறகு குளிர்பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும். நிறைந்திருக்கும் உறைபெட்டி இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும். மின்வெட்டு அதைவிட நீளும்போது உள்ளே இருப்பது வெதுவெதுப்பாகி, மின்சாரம் வந்ததும் மறுபடியும் சில்லென்று ஆகிவிடுகிறது. தொட்டுப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உறைபெட்டி இடையில் உருகியதா என்று அறிய எளிய வழி, ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் ஒரு நாணயத்தை வைப்பது. நாணயம் கீழே இறங்கியிருந்தால் பனிக்கட்டி உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். நம் கையில் நாணயமே புழங்குவதில்லை என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டில் பாட்டனார் விட்டுச்சென்ற வெள்ளைக்காரன் காலத்து அணா ஒன்று இந்தப் பணியில் இருக்கிறது.

சோற்றைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் சிக்கனம் உடம்புக்கு ஆபத்தாக முடியக்கூடும். அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருப்பது இயல்பு. அவை கொதிநீரில் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் வித்து முளைத்து நஞ்சு சுரக்கும், அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடியும் சூடாக்கினாலும் போகாது. ஆகவே சோற்றைப் பானையோடு மூடி வைப்பதுதான் கெட்ட வழக்கம். அன்னதானக் கூடத்தின் குவியலைப்போல அதன் நடு ஆறவே ஆறாது. இரவில் மிஞ்சும் என்று தெரிந்தவுடன் தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஆறவைத்து, மின்சாரம் இருந்தால் குளிரில் வையுங்கள். மறுநாள் காலையில் வேகவைத்த பட்டாணியோடு வெங்காயம் போட்டு வறுத்தால், இந்த ஊரே காலையில் தின்னும் வறுத்த சோறு தயார். மின்சாரம் இல்லாவிட்டால் ஆறிய சோற்றில் நல்ல நீர் ஊற்றிப் பழைய சோறாக்குவது நம் வழி. இரவில் அது புளிப்பேறுவது நன்மை செய்யும் நுண்ணுயிர்களால். ஆனால் அதை மறுநாள் காலையோடு முடித்துவிட வேண்டும், கடும் வெயில் மாதங்களில் வாடை சற்று மாறினாலும் தொடக்கூடாது. மாலைவரை வைத்திருந்து சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதைவிட, கொட்டிவிடுவது எவ்வளவோ மேல்.

குழம்பு வகைகளில் கெடும் வேகம் ஒன்றுபோல இருப்பதில்லை. தேங்காய் அரைத்தது முதலில் போகும், பருப்பு அடுத்தது, புளி ஊற்றியது ஒரு நாள் கூடுதலாக நிற்கும். பர்மியர் செய்வதுபோல நீர் வற்றி எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை காய்ச்சிய குழம்பு இவை எல்லாவற்றையும்விட நாள் தாங்கும். எண்ணெய் மிகுதி என்று அதைக் குறை சொல்வோர் உண்டு, சுவைக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்றும் நினைப்போம். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் காலையில் ஆக்கியதை இரவும் உண்ண அதுவே வழியாக இருந்தது. தேங்காயைக் கடைசியில், அன்று தின்னும் பங்குக்கு மட்டும் சேர்த்தால் மிஞ்சிய பங்கு பிழைக்கும்.

தமிழ்க் குடும்பத்துக்கே உரிய ஒரு காரணத்தை யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அது நாட்காட்டி. வியாழக்கிழமை நல்ல மீன் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு வீசை வாங்கிக் குழம்பு வைக்கிறோம். ஆறு பேருக்கு அது மிகுதி. மறுநாள் வெள்ளிக்கிழமை, வீட்டில் கவிச்சி கிடையாது, பூசைக்குமுன் அந்தச் சட்டியைத் தொடவும் கூடாது. சனிக்கிழமை காலையில் அது மூன்றாம் நாள் குழம்பு. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி என்று கணக்கிட்டால், மிச்சத்தைத் தின்ன வழியில்லாத நாட்கள் மாதத்தில் பத்தைத் தாண்டும். விரதத்தைக் குறை சொல்லவில்லை, நானும் இருப்பவன்தான். திங்களும் வியாழனும் கவிச்சி அளவாக இருக்க வேண்டும், முடிந்தால் கருவாடாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

இதோடு சேர்ந்தது, ஒரே வீட்டுக்குள் இரண்டு சமையல். பெரியவர்களுக்குச் சாம்பாரும் பொரியலும். பிள்ளைகளுக்கு மீன்சாறு ஊற்றிய சேமியாவான மொஹிங்காவும் காவ்சுவேயும், அதுவும் கடையில் வாங்கியது. சாம்பார் ஆறு பேருக்கு வைக்கப்படுகிறது, இருவர் தின்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது பிள்ளைகள் விரும்பும் பர்மியச் சமையலையே முழு வீட்டுக்கும் ஆக்கினால் இது பெருமளவு தீரும். மாமனார் முதலில் முகம் சுளிப்பார், பிறகு இரண்டாம் தடவை கேட்பார்.

கீரை அழுகுவதற்குக் காரணம் உங்கள் வீட்டுக்கு வெளியிலேயே தொடங்குகிறது. திரி மிங்கலா காய்கறிச் சந்தைக்கு வரும் முட்டைக்கோசும் பூக்கோசும் ஷான் மலையிலிருந்து, ஹெஹோ, அவுங்பான் பக்கத்திலிருந்து லாரியில் இறங்கி வருகின்றன. உங்கள் கைக்கு வரும்போதே அவற்றுக்கு வயது ஆகிவிட்டது. புளிச்சக்கீரையும் கசுன் கீரையும் அருகிலிருந்து வருபவை, ஆனால் கட்டாக விற்கப்படுபவை. ஒரு கட்டுக்கு இவ்வளவு, மூன்று கட்டுக்கு இன்னும் மலிவு என்றால் நம் கை மூன்றைத்தான் எடுக்கும். மூன்றாவது கட்டு மலிவன்று. அதைத் தின்ன நாள் இல்லை. வாங்கிய கீரையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கி முடிந்துவைத்தால் தன் ஈரத்திலேயே அது வெந்துபோகும். காம்பைத் தண்ணீரில் நிறுத்தி, ஈரத்துணியை மேலே போடுங்கள். பழுத்த வாழைப்பழத்தை அதன் அருகில் வைக்காதீர்கள், பழம் விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும்.

பெட்டியில் அடைத்த பொருள்களில் நம் ஊருக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. தாய்லாந்திலிருந்து வரும் பல பொட்டலங்களில் ஆண்டு பௌத்த ஆண்டாக அச்சாகிறது; அதிலிருந்து 543ஐக் கழித்தால்தான் ஆங்கில ஆண்டு வரும். 2569 என்பது 2026. கடைசி இரண்டு எண்களை மட்டும் அச்சிட்டு ‘69’ என்று போட்டிருந்தால், இது எந்தக் கணக்கு என்று விளங்காமல் நல்ல பாலையும் கொட்டுகிறோம், கெட்டதையும் வைத்துக்கொள்கிறோம். மேலும், ‘இந்தத் தேதிக்குமுன் தின்பது சிறப்பு’ என்று பொருள்படும் குறிப்பு சுவையைப் பற்றியது. பிஸ்கட்டும் சேமியாவும் அந்தத் தேதி கடந்தவுடன் கெட்டுவிடுவதில்லை. பாலுக்கும் இறைச்சிக்கும் போடப்படும் ‘இதற்குள் பயன்படுத்து’ என்ற தேதிதான் கட்டாயமானது.

காக்கைக்கு வைத்தோம், தெருநாய்க்குப் போட்டோம், ஆகவே வீணாகவில்லை என்று சொல்வோரும் உண்டு. காக்கைக்கு ஒரு பிடி வைப்பது வழிபாடு. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் மிஞ்சியதையெல்லாம் நாயின் கணக்கில் எழுதிவிட்டால், ஏன் மிஞ்சியது என்ற கேள்வியே எழாது. கணக்கிலிருந்து மறையும் இன்னொரு பங்கும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். பழையதையும் அடிச்சட்டியையும் நின்றபடியே வழித்துத் தின்பவர் பல வீடுகளில் தாயார்தான். அவர் வயிறு அந்த வீட்டின் இரண்டாம் குப்பைத்தொட்டியாக இருக்கும்வரை, மற்றவர்கள் கண்ணுக்கு எதுவும் வீணாவதாகத் தெரியாது. உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள்தானோ என்று உங்கள் கேள்வியைப் படித்தபோது தோன்றியது.

சென்ற மழைக்காலத்தில் என் வீட்டிலேயே ஒரு வாரம் கணக்கு எழுதினேன். சுவர் நாட்காட்டியின் ஓரத்தில், கொட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு, அதன் பக்கத்தில் காரணம். ஏழு நாளில் பதினொரு கோடுகள். தட்டில் வைத்துத் தின்னாமல் விட்டதால் கொட்டியது இரண்டே தடவை. ஐந்து கோடுகள் காலையில் மொத்தமாக வடித்த சோறு, மூன்று கீரை, ஒன்று தேங்காய்த் துவையல். அதுவரை பேரனைத்தான், தட்டில் மிச்சம் வைக்கிறாய் என்று திட்டிக்கொண்டிருந்தோம். கணக்கைப் பார்த்த பிறகு என் மனைவி அவனிடம் ஒன்றும் சொல்வதில்லை. என்னிடமிருந்து கீரை வாங்கும் பொறுப்பை எடுத்துவிட்டார்.

நீங்களும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கொட்டியதை மட்டும் எழுதினால் போதாது, பிடிக்காமலே நீங்கள் வழித்துத் தின்றதையும் எழுத வேண்டும். கோடு போடும் வேலையை மாமியாரிடம் கொடுங்கள். நீங்கள் எழுதினால் அது அவர்மேல் சாற்றும் குற்றப்பட்டியலாகப் படும். அவர் எழுதினால் அது அவருடைய கணக்கு. புதன்கிழமை தொடங்குவது நல்லது. அப்போதுதான் வியாழன் மீனும் வெள்ளி விரதமும் ஒரே பக்கத்தில் விழும்.